கறியில் மிதந்த எண்ணெய்

2009 நவம்பர், நெல் அறுப்புக் காலம். பர்மாவில், தாராவாடி ஊருக்குத் தெற்கே ஒரு வயலில் கோ டுன் ஷ்வேயைக் கண்ணாடி விரியன் கடித்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. ஈறில் ரத்தம் கசிந்தது, சிறுநீர் நின்றது. ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்து ஒருவழியாகப் பிழைத்து வந்தார்.

வந்தவர் பழைய ஆளாக இல்லை. ஒரு கட்டு நெல்லைத் தூக்கினால் வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவார். தாடி முளைப்பது நின்றது. கைகால் மெலிந்தது, வயிறு மட்டும் முன்னால் தள்ளியது. மனைவி மா நூ யீக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: பன்றிக்கறி, அதன் மேல் தளதளவென்று எண்ணெய். எண்ணெய் மிதக்காத கறியைப் புருஷனுக்கு வைப்பது அந்த ஊரில் கேவலம்.

டீக்கடை ஊ பா ஜீக்கு அந்த வயிற்றைப் பார்க்காமல் பொழுது போகாது.

"என்னப்பா, மில் முதலாளி மாதிரி தொப்பை! உன்னைக் கடிச்சது பாம்பா, லாட்டரியா?"

"உங்களையும் வந்து கடிக்கச் சொல்றேன் பெரியவரே."

கேட்டுக்கொண்டு நிற்கும் மா நூ யீக்கு உள்ளூரப் பெருமை. அன்றைக்கு இன்னொரு கரண்டி எண்ணெய் கூடும்.

2017 மே மாதம் அவருக்கு நெஞ்சு அடைத்தது. யாங்கோன் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர், ரோமமில்லாத அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "எப்பவாவது பாம்பு கடிச்சுதா?"

இத்தனை வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. சோதனைகளுக்குப் பிறகு மா நூ யீயை உட்காரவைத்துச் சொன்னாள்.

"மூளைக்கு அடியில ஒரு சின்னச் சுரப்பி இருக்கும்மா. விஷத்துல அது கெட்டுப்போச்சு. அதுல சுரக்கிற பல ஹார்மோன் குறைஞ்சுபோச்சு, வளர்ச்சி ஹார்மோன் சுரக்கவே இல்ல."

"இந்த வயசுல இவர் இனிமே எங்க டாக்டர் வளரப்போறாரு?"

"வளர மட்டும் இல்லம்மா. அது இல்லேன்னா சதை கரையும். கொழுப்பு வயித்துல சேரும், ரத்தத்துல ஏறும், இதயக் குழாய அடைக்கும். வீட்ல என்ன சாப்பிடுவார்?"

மா நூ யீ சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது.

"இது உங்களால வந்த நோய் இல்ல. ஆனா அந்த எண்ணெய் இனிமே வேண்டாம்."

மற்ற ஹார்மோன்களுக்கும் கொழுப்புக்கும் மாத்திரை கிடைத்தது. வளர்ச்சி ஹார்மோன் ஊசியைத் தினமும் போட வேண்டும், குளிரில் வைக்க வேண்டும். ஊரில் மின்சாரமே இல்லை. விலையைக் கேட்டதும் இருவரும் எழுந்துவிட்டார்கள்.

வீடு திரும்பிய மறுநாள் தட்டில் அவித்த சுரைக்காய்.

"இத்தனை வருஷம் ஊத்தி ஊத்தி வளத்துட்டு, இப்ப பிடுங்கறியா மா நூ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "சாப்பிடுங்க. உயிரோட இருங்க. அது போதும்."

முகம் சுளித்துக்கொண்டே அவரும் சாப்பிட்டார். வயிறு குறையவில்லை.

மறுவருடம் நாற்று நடும் பருவத்தில் மீண்டும் நெஞ்சு அடைத்தது. யாங்கோன் போகும் வழியில், வண்டியிலேயே உயிர் போனது. ஏழாம் நாள் பிக்குகளுக்கு உணவளித்துவிட்டு, மா நூ யீ மிச்ச நடவை முடிக்க வயலில் இறங்கினாள்.