இரு சபைக்கு ஒரு அம்புரோஸ்

மணிக்கயிற்றைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கையிலும் துப்பித் தேய்த்துக்கொள்கிறார் அம்புரோஸ். தொப்பியைக் கழற்றிப் பத்திரமாக வாசல்படியில் வைக்கிறார். பிறகு நாற்பது தடவை இழுக்கிறார். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. காலை ஆராதனைக்கு நாற்பது என்றால் மாலை ஆராதனைக்கும் நாற்பது. எண்ணிப் பார்க்க இரு தரப்பும் வெளியே ஆள் நிறுத்தியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கென்டக்கியில், ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கிறது ஆலயம். அடிமை வைத்திருக்கும் போதகர் பிரசங்க மேடை ஏறலாமா என்ற சண்டையில் பதினாறு வருடம் முன்பு சபை இரண்டாக உடைந்தது. கூடாது என்றவர்கள் காலையில் கூடுகிறார்கள். ஏறினால் என்ன என்றவர்கள் மாலையில். நடுவில் பெஞ்சைத் துடைப்பது அம்புரோஸ். "பாட்டுப் புஸ்தகம் ஒண்ணுதான். ஆனா காலைக்காரவுக தொட்டதை மாலைக்காரவுக தொடமாட்டாக" என்று சொல்லி வாய்க்குள்ளேயே சிரித்துக்கொள்வார்.

அவரும் அடிமைதான். ஒரு விதவை சாகும்போது உயிலில் அவரைச் சபைக்கு எழுதிவைத்தாள். உடைந்த சபையின் சொத்து யாருக்கு என்ற வழக்கு கோர்ட்டுக்குப் போனபோது, அடிமை வைப்பது பாவம் என்று தொண்டை கிழியப் பேசிய காலைக்காரர்கள் தங்களுக்குச் சேர வேண்டிய சொத்தென்று பட்டியல் கொடுத்தார்கள்: கட்டிடம், மணி, இரும்பு அடுப்பு இரண்டு, அம்புரோஸ். அவசரத்தில் நேர்ந்த பிசகு என்கிறார் அவர்களுடைய மூப்பர் வில்கின்ஸ். நீதிபதி எல்லாமே இரு தரப்புக்கும் பொது என்று தீர்ப்பெழுதிவிட்டார்.

"பாவம்னு சொல்லிட்டு, அந்தப் பாவம் எங்களுக்கே வேணும்னு கேட்டீகளே ஐயா" என்று ஒரு நாள் அடுப்பைத் துடைத்தபடி அம்புரோஸ் வில்கின்ஸிடம் கேட்டுவைத்தார். அவர் முகம் சிவந்து, விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பொதுச் சொத்தாயிற்றே, மாலைக்காரர்களின் மூப்பர் கோபர்னும் போட வேண்டும். அவரோ, "உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல அம்புரோஸ். அந்தாளு பேருக்குக் கீழ என் பேரு வராது" என்றுவிட்டார். ஒன்பது வருடமாகப் பத்திரம் தொப்பிக்குள்ளேயே கிடக்கிறது. அடிமை முறை இல்லாத அக்கரையில், விடுதலையான மனைவி டெல்பி துணி வெளுத்துப் பிழைக்கிறாள். இந்த மணிச் சத்தம் அவளுக்குக் கேட்கும்.

இந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை தந்தி வந்தது. தெற்கே சார்லஸ்டன் துறைமுகத்தில் பிரிந்துபோன தென் மாநிலத்தாரின் பீரங்கி முழங்கி, வடக்கு அரசின் கோட்டை விழுந்துவிட்டதாம்; வடக்குக்கும் தெற்குக்கும் போராம். இரு கூட்டமும் வாசலில் முட்டிக்கொண்டன. வில்கின்ஸ் மகன் வடக்குப் படைக்குப் புறப்பட்டு நிற்கிறான், கோபர்ன் மகன் தெற்குப் படைக்கு. இனி இந்த இருவரும் ஒரே படியில் நிற்கப்போவதில்லை என்பது அம்புரோஸுக்குப் புரிந்தது.

"மணியடி அம்புரோஸ். எங்க பசங்களை வழியனுப்பணும்" என்றார் வில்கின்ஸ்.

"அடிடா. கோட்டை விழுந்தது ஊருக்கெல்லாம் கேக்கட்டும்" என்றார் கோபர்ன்.

அம்புரோஸ் கையில் துப்பவில்லை. கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். தொப்பிக்குள்ளிருந்து பத்திரத்தை எடுத்து விரித்தார். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பி, வில்கின்ஸின் பெயர் கீழே போக, கையெழுத்துக்கு விட்டிருந்த வெற்றிடம் மேலே வர, கோபர்ன் பக்கம் நகர்த்தினார்.