பழைய ரெகுலேட்டரும் பார்க்காமல் சொன்ன வார்த்தையும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தைப்பொங்கலுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. பதுளையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் கரையில்தான் இது நடந்தது.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருந்த ஒருவர் அந்தத் தண்ணீரில் மூழ்கிப் போனார். தண்ணீருக்கடியில் போய்த் தேடும் சுழியோடிகள் வெளியூரிலிருந்து வந்து சேர மறுநாள் மதியம் ஆகிவிட்டது. அதுவரை அவருடைய மனைவி கரையை விட்டு எழும்பவே இல்லை. இனி யாரையும் இப்படி உட்கார வைக்கக் கூடாது, நமக்கென்று ஒரு குழு வேண்டும் என்று எங்கள் இளைஞர் கழகம் முடிவெடுத்தது. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தபோது கடலடி ஆய்வுக்காக நான் சுழியோடப் பழகிச் சான்றிதழும் வாங்கியிருந்தேன். கழகத் தலைவர் அண்ணன் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வேலை செய்தபோது பழகியவர். நாங்கள் இருவரும் முதலில் இறங்குவதாக ஏற்பாடு.

திருகோணமலைப் பக்கம் சீசன் முடிந்து மூடப்பட்ட ஒரு சுழியோட்டக் கடையிலிருந்து, ஏற்கெனவே பாவித்த ரெகுலேட்டர்கள் இரண்டும் காற்று நிரப்பிய சிலிண்டர்களும் கிடைத்தன. சிலிண்டருக்குள் அழுத்தி அடைத்த காற்றை நம் மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தருவதுதான் ரெகுலேட்டர். தண்ணீருக்கடியில் உயிர் அதில்தான் இருக்கிறது. கழகக் கூட்டத்தில், இதை சர்வீஸ் செய்ய வேண்டுமா என்று அண்ணன் என்னைக் கேட்டார். செய்வதென்றால் மறுபடி கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் ஒன்றைச் சிலிண்டரில் பூட்டி, வாயில் வைத்து இருபது தடவை மூச்சிழுத்துப் பார்த்தேன். காற்று சுகமாக வந்தது. “நல்லா இருக்கு, தேவையில்ல” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். தோட்டத்தில் என் பேச்சுக்கு அப்படியொரு மதிப்பு. எனக்கும் அது பிடித்திருந்தது.

நாங்கள் முதன்முதலாக இறங்குவதைப் பார்க்க அந்த ஞாயிற்றுக்கிழமை பாதித் தோட்டமே கரைக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கம் புதிதாக எந்த இயந்திரம் வந்தாலும் பூசை போடாமல் தொடமாட்டார்கள். கொழுந்து லொறியானாலும் சரி, தையல் மெஷினானாலும் சரி. அம்மா காலையிலேயே இரண்டு ரெகுலேட்டர்களையும் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கொண்டு வந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே ஏதும் போயிருக்குமோ என்று, சிலிண்டரிலிருந்து காற்று நுழையும் வாயின் மூடியைக் கழற்றி ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினேன்.

சந்தனம் உள்ளே போகவில்லை. ஆனால் வாய்க்குள் இருந்த சிறிய உலோக வடிகட்டி பச்சை பூத்துக் கிடந்தது. எப்போதோ கடல் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. உள்ளே வேறு என்னவெல்லாம் கெட்டிருக்கும் என்று திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது. இரண்டாவதைப் பார்த்தேன். அதிலும் அதே பச்சை. பூட்டுவதற்கு முன் இந்த வடிகட்டியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கூட்டம் நடந்த அன்று நான் பார்க்கவில்லை.

அண்ணனைத் தனியே கூப்பிட்டு, இன்றைக்கு இறங்க முடியாது என்றேன்.

“என்ன தங்கச்சி, அன்னைக்கு நீதானே நல்லா இருக்குன்னு சொன்ன?”

“ஆமாங்கண்ணே. பார்க்காம சொல்லிட்டேன்.”

அவர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “சந்தனம் உள்ள போயிருச்சுன்னு சொல்லிருவோம். ஒன் பேரும் கெடாது” என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் ஒரு கணம் ஆசையாக இருந்தது. அதற்குள் விஷயம் கசிந்து, கூட்டத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: “புள்ள பயந்துருச்சு! எங்க வீட்டு கேஸ் ரெகுலேட்டர் ஆறு வருசமா கழட்டாமத்தான் ஓடுது!” எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, “நான் சந்தனம் வச்சதுனாலயா பாப்பா?” என்று கேட்டார். சந்தனம் காய்ந்திருந்த விரல்களை முந்தானையில் துடைத்துக் கொண்டே கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. ஒரு கல்லின் மேல் ஏறி நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “அம்மா மேல தப்பில்ல. அவங்க வச்ச சந்தனத்தத் துடைக்கப் போயித்தான் கோளாறே தெரிஞ்சுச்சு. சரியா பார்க்காம நல்லா இருக்குன்னு சொன்னது நான். சர்வீஸ் பண்ணாம அண்ணனும் எறங்கக் கூடாது, நானும் எறங்க மாட்டேன்.”

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. “இதுக்கா லீவு நாள்ல வந்தோம்?” என்று ஒரு அக்கா என் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார். மூக்கும் காதும் எரிந்தன. கல்லை விட்டு இறங்கி, இரண்டு ரெகுலேட்டர்களின் மூடிகளையும் திரும்பப் பூட்டினேன்.

மறு வாரம் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு விடியற்காலை கடற்கரைக்குப் பஸ் ஏறினேன். பழுதுபார்ப்பவர் என் கண் முன்னாலேயே கழற்றினார். வடிகட்டி பாதி அடைத்திருந்தது. உள்ளே இருந்த ரப்பர்கள் பிஸ்கட் மாதிரி விரல் பட்டதும் உடைந்தன. சிலிண்டர் நிறையக் காற்று இருக்கும்போது மூச்சு ஒழுங்காக வரும், காற்று குறையக் குறையத்தான் இறுகும் என்றார். அதாவது, கரையில் எத்தனை தடவை இழுத்துப் பார்த்தாலும் தெரியாது. ஆழத்தில், மேலே வரவேண்டிய நேரத்தில்தான் தெரியும். அவர் பேசிக்கொண்டே போனார். எனக்கு அண்ணனின் இரண்டு சின்னப் பிள்ளைகளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

ஒரு மாதம் கழித்து, புது ரப்பர்களும் புது வடிகட்டிகளும் போட்ட ரெகுலேட்டர்களோடு நானும் அண்ணனும் இறங்கினோம். கரையில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். குழு இப்போதும் நடக்கிறது.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் என்பதால் நான் சொல்வதை அங்கே யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை; அதனால் அதைச் சோதிக்க வேண்டிய ஆள் நான்தான் என்பதை, வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே சொல்லிக் கொள்கிறேன்.