கேட்காமல் எடுக்காதவர்

ஹவுரா போகும் ஃபெர்ரிக்காகக் காத்திருந்தபோது சேகரின் அழைப்பு வந்தது. "அலமேலு போயிட்டா சார். காபி போட எழுந்தவ, அப்படியே உக்காந்துட்டா" என்றார். படகு வந்தது, போனது. நான் ஏறவில்லை.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு பணிபுரிந்த உங்களுக்கு அவர் ஆலோ தி, அதாவது ஆலோ அக்கா. அலமேலு என்ற பெயர் வங்காளிகளின் நாக்கில் சுருங்கி, வெளிச்சம் என்று பொருள்படும் பெயராகிவிட்டிருந்தது. கணவர் சேகருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே வேலை. ஆலோ தி ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையின் ஆய்வகத்தைக் கவனித்துவந்தார். தம்பதிகளுக்கு இனித் தேவைப்படாத கருக்கள் அங்கே உறைகுளிரில் இருந்தன.

ஸ்டெம் செல் பற்றி எல்லோரும் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. சில நாள் வயதான கருவிலிருந்து எடுக்கும் அந்தச் செல்கள், உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடியவை. எடுத்தால் கரு அழிந்துவிடும். எப்படியும் அழிக்கப்போகிறவைதானே, என் ஆராய்ச்சிக்குத் தாருங்கள் என்று ஆலோ தியிடம் கேட்டுப் போனேன். தம்பதிகளின் சம்மதப் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அழிக்கத்தான் சம்மதிச்சிருக்காங்க. குடுக்க இல்லை. ஒவ்வொருத்தரையும் நேர்ல போய்க் கேப்போம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவருடைய ஒரே மகன் கார்த்திக்குக்குத் தசைகள் தேய்ந்துபோகும் நோய். பதினான்கு வயதில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். "உங்க பையனுக்காகவாவது யோசிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் மாறவில்லை. "கார்த்திக்குக்காகன்னா நான் யார்கிட்ட இருந்தும் எதையும் எடுத்துடுவேன் சார். அதனாலதான் இந்த முடிவு என் கையில இருக்கக் கூடாது."

முதலில் சாந்த்ராகாச்சியில் ஒரு வீட்டுக்குப் போனோம். மடியில் குழந்தையோடு இருந்த அந்தப் பெண், உறைந்திருப்பது தன் மகளின் தங்கையா என்று வங்காள மொழியில் கேட்டாள். இல்லை என்று சொல்லுங்கள் என்பதுபோல நான் ஆலோ தியையே பார்த்தேன். தனக்குத் தெரியாது என்றார் அவர். ஊசிமுனையளவுதான் இருக்கும், அதற்கு வலி தெரியாது, ஆனால் செல்லை எடுத்தபின் அது வளராது என்று சொன்னார். அந்தப் பெண் அழுதாள், மறுத்தாள். திரும்பும் ரயிலில் நான் ஆலோ திக்கு முகம் கொடுக்கவில்லை.

பிறகு இரண்டு தம்பதிகள் மனதாரச் சம்மதித்தார்கள். அந்தச் செல்கள் எங்கள் ஆய்வகத்தில் சில வாரம் வளர்ந்து செத்துப்போயின. அதையும் அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தவர் ஆலோ திதான்.

கார்த்திக் பதினேழு வயதில் மூச்சுத் திணறிப் போனான். அதன்பின் கொஞ்ச காலத்திலேயே, வளர்ந்த மனிதரின் தோல் செல்லையே ஸ்டெம் செல் போல மாற்றிவிட்டார்கள், கருவே வேண்டாம் என்று வெளிநாட்டிலிருந்து செய்தி வந்தது. அந்தக் கட்டுரையை அவரிடம் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அவரே கேட்டு வாங்கி, நின்றபடி படித்து முடித்தார்.

"இதுக்கு யாரைக் கேக்கணும்?"

"தோல் குடுக்கறவங்களைக் கேட்டாப் போதும்."

"கேட்டிருந்தா கார்த்திக் சரின்னு சொல்லியிருப்பான்" என்றார். கட்டுரையை மடித்து என்னிடமே தந்துவிட்டு நுண்ணோக்கிக்குத் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று கேட்ட கேள்விக்காக மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இனி யாரிடம் கேட்பது?

அவர் போன மறுவாரம், நோயுற்ற தன் மகளின் தோல் மாதிரியைக் கொடுக்க ஒரு தகப்பனார் எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தார். மருந்து அவள் காலத்துக்குள் வந்துவிடுமா என்று கேட்டார். முன்பென்றால் நம்பிக்கையோடு இருங்கள் என்று சொல்லி நழுவியிருப்பேன். அநேகமாக வராது என்றேன். அவர் கையிலிருந்த படிவத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் எழுந்து போகவில்லை. உண்மையைச் சொன்னபின் எதிரில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பலம்தான், ஆலோ தி, உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது.