புகார்ப் பெட்டிக்கு இந்தப் பக்கம்

புகார்ப் பிரிவு நாற்காலிக்குக் காலை வணக்கம் சொல்ல ஆள் வராது, வசவு சொல்லத்தான் வரிசை நிற்கும். மியூச்சுவல் ஃபண்ட் விற்கும் ஒரு கம்பெனியின் ராஜபாளையம் கிளையில் ஏழு வருஷமாக அந்த நாற்காலி எனக்கு. எங்கள் மேல் கோபம் வந்தால் முதலீட்டாளர்கள் அரசாங்கத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போடுவார்கள். இருபத்தொரு நாளுக்குள் நான் பதில் ஏற்ற வேண்டும். ஏற்றும்வரை என் கம்ப்யூட்டரில் புகார்காரர் பெயருக்கு நேரே சிவப்பு எரியும். நீங்களும் இந்த மாதிரி வேலையில் இருந்தால் தெரியும், மத்தியானச் சோறுகூட நிம்மதியாக இறங்காது.

எழுதாத புகார்

மகாராஜபுரத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் பெயர், பான் நம்பர் எல்லாம் பிசகாமல் போட்டிருந்தார். புகார் விவரம் எழுதும் கட்டத்தில் மட்டும் "அவங்களுக்கே தெரியும்" என்று எழுதி முடித்துவிட்டார். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. மூன்று நாள் பழைய ஃபைல்களைக் குடைந்தேன். நாளோ ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் போன் போட்டு, "ஐயா, என்ன குறைன்னு ரெண்டு வரி எழுதக்கூடாதா?" என்று கெஞ்சினேன்.

"நல்லா இருக்கே! எங்கிட்ட இம்புட்டு இருக்குன்னு அதுல எழுதுனா என் பங்காளி பாத்துர மாட்டானா? நேர்ல வா, சொல்லுதேன்."

சரிம்மா

முத்துமாரி அக்கா விஷயம் சிரிக்கிற ரகம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், பேண்டேஜ் துணி யூனிட்டில் வேலை. மெஷினில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மகளின் நர்சிங் படிப்புக்கென்று பத்து வருஷமாக ஃபண்டில் போட்டுவந்ததை எடுக்க விண்ணப்பித்தார். கையெழுத்து பழையபடி இல்லை என்று எங்கள் தலைமை அலுவலகம் திருப்பி அனுப்பியது. புதுக் கையெழுத்துக்கு பேங்க் மேனேஜரின் சான்றுக் கடிதம் வாங்கிக் கொடுத்தார். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மறுபடியும் திருப்பினார்கள். மகள் தளத்தில் புகார் போட்டாள். அடுத்த மாசக் கடைசிக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் அவள் சீட் போய்விடும்.

இருபதாவது நாள் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு: போன் பண்ணு, திருப்தியா என்று கேள், பதிலைப் பதிவு பண்ணி ஏற்று. "பாத்துக்கிட்டு இருக்கோம்க்கா, எங்க பதில் உங்களுக்குத் திருப்திதானே?" என்று கேட்டேன். ஒரு பொண்ணு போனில் மரியாதையாகக் கேட்டால் இல்லை என்று சொல்ல நம்ம ஊர் ஆட்களுக்கு வாய் வராதே.

"சரிம்மா, நீ சொன்னா சரிதான். சாப்பிட்டியா?"

பச்சை

அந்தச் 'சரிம்மா'வை அப்படியே ஏற்றினேன். சிவப்பு பச்சையானது. கடிதம் பிரிக்கப்படவில்லை, பணம் போகவில்லை, புகார் மட்டும் தீர்ந்துவிட்டது. பதினைந்து நாளுக்குள் அவர் மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்தேன். சாப்பிட்டியா என்று கேட்டவரிடம் போய் இப்படிச் செய்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்கள் கிளை மேனேஜரிடம் போய், "சார், அந்த அக்காவுக்கு நாம ஒண்ணுமே செய்யலையே" என்றேன்.

"பச்சை ஆயிருச்சுல்ல? பொறவு எதுக்கும்மா நோண்டிக்கிட்டு இருக்க?"

பதினான்காம் நாள்

அரை நாள் லீவு போட்டு பஸ் ஏறினேன். அது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்க நிற்க எனக்கு எரிச்சலாக வந்தது. தேரடியில் இறங்கி விசாரித்துப் போய், அக்கா வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் திருப்தி என்று சொன்னதாக எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகள் தன் போனை நீட்டினாள். சான்றுக் கடிதம் கொடுத்த தேதி, அதைப் பிரிக்காதது, நான் போனில் கேட்ட கேள்வி, கேட்டவள் பெயர் என்று ஒன்று விடாமல் மறுபரிசீலனைக் கட்டத்தில் நானே அடித்தேன். வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. மகள் வாசித்துக் காட்டக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா என் கையைப் பிடித்தார்.

"உம் பேர எதுக்கும்மா போடுதே? அந்த எடத்த மட்டும் அழிச்சிரு, உனக்கும் பிள்ள குட்டி இருக்கும்ல."

மறுபடியும் சிவப்பு

அழிக்கவில்லை. மறுநாள் காலை அந்தப் புகார் என் கம்ப்யூட்டருக்கே வந்து சிவப்பாக நின்றது. இனி அரசாங்க அதிகாரிகளே கேள்வி கேட்பார்கள் என்றதும் தலைமை அலுவலகம் அலறியடித்துக்கொண்டு கடிதத்தைப் பிரித்தது. நாலே நாளில் பணம் போனது. ஃபீஸ் கட்டிவிட்டோம் என்று மகள் மெசேஜ் அனுப்பினாள். படித்துவிட்டு நான் பாத்ரூமில் போய் அழுதேன்.

திருப்தி என்று தப்பாக ஏற்றியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது. அதைக் கையில் கொடுத்த மேனேஜர், அந்தப் புகாரை இன்னொரு தடவை முழுக்கப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எவனோ வெவரமானவன் எழுதிக் குடுத்திருக்கான். நீயும் ஏழு வருசமா எழுதுதே, என்னைக்காவது இப்படி ஒரு வரி எழுதியிருக்கியா?"

புகார்ப் பிரிவில் இருப்பவருக்குப் பாராட்டு கிடைப்பதே அபூர்வம், அதுவும் எனக்குக் கிடைத்த மாதிரி வெளியே சொன்னால் வேலை போய்விடுகிற பாராட்டாகத்தான் வந்து சேரும்.