பின்பாதி ஆட்டக்காரரின் நீலச் சட்டை

பூனாவுக்குப் பக்கத்தில் தேஹு ரோடு ராணுவ டெப்போவின் நிர்வாகப் பிரிவில் இருந்த காலத்தில் எனக்கு நன்றாகக் கைவந்த கலை ஒன்றுதான்: முடியாது என்பதை விதி எண்ணோடு சொல்வது. பயணச் சலுகை, மருத்துவச் செலவு, கருணை அடிப்படையில் வேலை என்று யார் எதைக் கேட்டு வந்தாலும், எந்த விதி அதை மறுக்கிறது என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகும் பழைய ஊழியர்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள். மறுப்பதற்குச் சம்பளம் இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

எங்கள் ஸ்டோர்ஸ் பிரிவில் ஒருவர் இருந்தார். பெங்களூர் கன்டோன்மென்ட் தமிழர். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர். அறுபதுகளின் பிற்பகுதியில் மலேசியாவில் நடந்த ஒரு போட்டியில் இந்தியக் கால்பந்து அணிக்காக ஆடியிருக்கிறார். முழு ஆட்டம்கூட இல்லை, ஒரு பின்பாதி. இடது ஓரத்தில் ஆடியவருக்கு முழங்கால் பிசகியதால் இவரை உள்ளே அனுப்பினார்கள். பந்து காலுக்கு வந்ததா என்று கேட்டால், "வந்துச்சு சார், போச்சு" என்பார். ஆட்டம் முடிந்ததும் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். அணிக்கு இருந்தது ஒரே செட். அதை அவர் வருத்தமாகச் சொன்னபோது, ஸ்டோர்ஸ் நிர்வாகம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் பாராட்டினேன். அவர், "உங்கள மாதிரி ஒரு ஆளுதான் சார் வாங்கிக்கிட்டான்" என்றார்.

தொண்ணூறுகளின் இறுதியில் பிரான்சில் உலகக் கோப்பை நடந்தபோது டெப்போ கேன்டீன் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பாதிப் பேர் பிரேசில், மீதிப் பேர் அர்ஜென்டினா. மராத்திக்காரர், மலையாளி, பஞ்சாபி எல்லோருக்கும் தென் அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் இருப்பதுபோல அப்படி ஒரு சண்டை.

யாரோ இவரிடம் கேட்டார்கள். "நீங்க எந்தப் பக்கம்?"

"இந்தியா."

கேன்டீன் முழுக்கச் சிரித்தது. "இந்தியா எங்கய்யா ஆடுது?"

"ஆடும்போது சொல்றேன்" என்று வடையைத் தின்றுகொண்டிருந்தார்.

சுதந்திரம் வந்த சில ஆண்டுகளில் உலகக் கோப்பையில் ஆட இந்தியாவுக்கு இடம் இருந்தது, ஆனால் போகவில்லை. வெறுங்காலோடு ஆட அனுமதிக்காததால் போகவில்லை என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அவர் அதை நம்பியதில்லை. நானும்தான். போகாத பயணங்கள் பலவற்றின் கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். எதிலும் செருப்போ பூட்ஸோ காரணமாக இருந்ததில்லை.

நான் ஓய்வு பெற்று, அடுத்து அவரும் ஓய்வு பெற்று, இருவரும் தேஹு ரோட்டிலேயே பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஓர் ஆண்டு அவருக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்றார்கள். மருத்துவமனைக்காரர்கள் முயன்று பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் மாலையில் போய் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் கேட்டார்.

"சார், நீங்கதான் நடமாடுற ரூல் புஸ்தகம். ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"நான் போனா என் மேல தேசியக் கொடி போத்துவாங்களா?"

"மாட்டாங்க."

"கொஞ்சம் யோசிச்சாவது சொல்லக் கூடாதா?"

"யோசிக்க ஒண்ணுமில்ல. அரசு மரியாதை, ராணுவம், துணை ராணுவம். இத விட்டா வேற யாருக்கும் போத்தக் கூடாது."

"இப்பத்தான் யார் வேணா வீட்டுல ஏத்தலாம்னு சொல்லிட்டாங்களே?"

"ஏத்தலாம். போத்திக்க முடியாது."

"டெப்போவுல முப்பது வருஷத்துக்கு மேல இருந்தேன் சார்."

"சிவிலியன்."

"இந்தியாவுக்கு ஆடியிருக்கேன்."

"அதுக்குத் தனியா பிரிவு இல்ல."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரமாயிற்று. "நீங்க ரெஃபரியா போயிருக்கணும் சார். மைதானத்துலயே அடி வாங்கியிருப்பீங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் பேசற பேச்சைப் பாரு. டீ ஆறுது, குடிங்க."

அவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கொடி அவருக்கு அலங்காரம் இல்லை. அந்தப் பின்பாதி உண்மையில் நடந்தது என்று ஊருக்கு முன்னால் யாராவது ஒருமுறை ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அரசு மரியாதைக்கு மாநில அரசின் ஆணை வேண்டும். அதைக் கேட்கும் வழி எனக்குத் தெரியும், கிடைக்காது என்பதும் தெரியும். இருந்தாலும் பூனா போய், மாவட்ட அலுவலகத்தில் தெரிந்த ஒருவரைப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் மராத்தியில் ஒரே ஒரு சந்தேகம் எழுப்பினார்: "இந்தியாவுக்குக் கால்பந்து அணி இருக்கிறதா?" வணக்கம் சொல்லிவிட்டு லோக்கல் ரயிலில் திரும்பிவிட்டேன்.

"கொடி இல்லாட்டிப் போகுது. சட்டையாவது போட்டு அனுப்பலாம் இல்லையா?" என்றார் அவர் மனைவி. அதற்கு விதி ஏதும் குறுக்கே நிற்கவில்லை. மகனிடம் சொன்னார்கள். மகன் பூனாவை ஒட்டிய வாகட்டில் அடுக்குமாடி வீட்டில் இருந்தான். ஹிஞ்சவடியில் சாஃப்ட்வேர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பையோடு வந்தான். அப்பாவின் மடியில் பெருமையாக எடுத்து வைத்தான். நீலச் சட்டை, நெஞ்சில் ஆங்கிலத்தில் இந்தியா.

அவர் அதை விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"டேய், இது கிரிக்கெட்டுடா."

"இந்தியான்னுதானே ப்பா போட்டிருக்கு?" பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பூனா கேம்ப் பஜார்ல எல்லாக் கடையிலயும் கேட்டேன். ஃபுட்பால் ஜெர்சின்னா பிரேசில் வேணுமா, இங்கிலாந்து கிளப் வேணுமாங்கறான். இந்தியான்னா இதைத்தான் எடுத்துப் போடறான்."

டெப்போ மைதானத்தில் கோல் கம்பங்களைப் பிடுங்கிவிட்டு கிரிக்கெட் பிட்ச் போட்டபோது ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்தவர் அவர். இப்போது அந்தத் துணியை விரல்களால் தடவிக்கொண்டிருந்தார்.

"என் கிரவுண்டையும் எடுத்துக்கிட்டானுங்க. கடைசியில அவனுங்க யூனிஃபார்ம்லயே என்னை அனுப்பறியா?"

"மாத்திட்டு வரேன் ப்பா."

"எதைடா மாத்துவே? கடையில இல்லன்னுதானே சொல்றே." சட்டையை மடித்து மனைவியிடம் நீட்டினார். "எழுத்து சரியாத்தான் இருக்கு. இருக்கட்டும்."

அவர் மனைவி ஒரு பிளேடை எடுத்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். நெஞ்சில் தைத்திருந்த கிரிக்கெட் சின்னத்தை நூல் நூலாகப் பிரித்தார். சின்னம் இருந்த இடம் மட்டும் ஊசித் துளைகளோடு தெரிந்தது. நாங்கள் மூன்று ஆண்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் உதவவில்லை, உதவ விட்டிருக்கவும் மாட்டார்.

அடுத்த மாதம் ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் போய்விட்டார். சட்டையை அவர் மனைவியே போட்டுவிட்டார். இளைத்துப்போன உடம்பில் அது பெரிதாக இருந்தது. மாலைகளுக்கு நடுவே எழுத்துகள் தெரியும்படி அவ்வப்போது பூக்களை விலக்கிவிட்டுக்கொண்டே இருந்தார்.

சுடுகாட்டுக்கு டெப்போவின் சார்பில் ஓர் இளம் ராணுவ அதிகாரி மலர்வளையம் கொண்டு வந்தார். விடுமுறை என்பதால் சீருடை இல்லை. வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை. வளையத்தை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். சட்டையைப் பார்த்துவிட்டு மெல்ல இந்தியில் கேட்டார்.

"அங்கிள், இவர் கிரிக்கெட் ஆடியவரா?"

பின்னால் நின்றவர்களும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் என் பக்கம் திரும்பியதில் தெரிந்தது. இல்லை, கால்பந்து, இந்தியாவுக்காக ஆடினார் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதுதான் என் பழக்கம். அன்றைக்கு அது முடியவில்லை.

என் மோசமான இந்தியில் சொல்ல ஆரம்பித்தேன். லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடி, பிரான்ஸை நடுங்கவைத்துத் தோற்றதைச் சொன்னேன். டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை வென்று தங்கம் வாங்கியதைச் சொன்னேன். மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்து, நான்காவதாக வந்ததைச் சொன்னேன். ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அரங்கமே நமக்கு எதிராகக் கூச்சலிட்டதையும், தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரரை முன்வரிசையில் நிறுத்தியதையும், அவர் கோல் போட்டதையும், தங்கம் வந்ததையும் சொன்னேன். அந்த அணியின் பயிற்சியாளர் புற்றுநோயோடுதான் அங்கே நின்றார், அடுத்த ஆண்டே இறந்துபோனார் என்றும் சொன்னேன். எங்கள் ஸ்டோர்ஸ்காரரின் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த அணி கலைஞ்சதுக்கு அப்புறம் வந்தவங்கள்ல இவர் ஒருத்தர். பின்பாதி மட்டும் ஆடினார். இடது ஓரம்" என்று முடித்தேன்.

"அதுக்கு அப்புறம்?" என்றார் அந்த அதிகாரி.

"பாங்காக் ஆசிய விளையாட்டுல ஒரு வெண்கலம். அதுக்கு அப்புறம் இன்னும் வரல."

மகனை அழைத்தார்கள். அவன் கொள்ளி வைத்தான். தீ பிடிக்கும்போது அந்த இளம் அதிகாரி ஓரடி முன்னால் போனார், குதிகால்களைச் சேர்த்தார், சல்யூட் அடித்தார். பின்னால் நின்ற டெப்போக்காரர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து நின்றார்கள்.

தலையில் தொப்பி இல்லாமல், சாதாரண உடையில், ஒரு சிவிலியனுக்குச் சல்யூட் அடிப்பது தவறு. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.