நூலகம் விழிக்கும் நேரம்

பதினாறு வருஷமாகப் புஷ்பவல்லிக்கு ஒரே வேலைதான்: அரசாங்கக் கட்டடங்களின் மின்மீட்டர் அளவுகளைக் கணினியில் ஏற்றுவது. ஏற்றியதை யார் பார்க்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. போன வருஷம் அவருடைய பெட்டாலிங் ஜெயா அலுவலகத்துக்குப் புது மென்பொருள் ஒன்று வந்தது. எந்தக் கட்டடத்தில் மின்சாரம் வீணாகிறது, எதை முதலில் சீரமைக்கலாம் என்று அது வரிசைப்படுத்திக் காட்டும். எண்களோடு பழகியவர் என்று அவரையும் குழுவில் சேர்த்தார்கள். நாற்பத்தொன்பது வயதில் இதெல்லாம் மண்டையில் ஏறுமா என்று பயந்தவர், ஒரே மாதத்தில் திரையில் மின்சாரச் செலவைக் காட்டும் கோடுகளோடு சத்தமாகவே பேச ஆரம்பித்துவிட்டார்.

பட்டியலில் முதலாவதாக நின்றது கிள்ளானில் ஒரு சின்ன நூலகம்.

"ஏர்கோன் பழசுக்கா, மொத்தமா மாத்திடலாம்" என்றான் குழுத்தலைவன் பிரவின்.

"இருங்க பிரவின். கோடு காலையில அஞ்சு மணிக்கே ஏறுது பாருங்க. நூலகம் தொறக்கிறது பத்து மணிக்கு. யாரு அஞ்சு மணிக்கு வந்து படிக்கிறா?"

"மீட்டர் கோளாறா இருக்கும்லா."

புஷ்பவல்லிக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் காலை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனார். எட்டரை மணிக்கு நூலகத்துக்குள் நுழைந்ததும் குளிரில் பல் கிட்டியது. கம்பளிச் சட்டையும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்தார் காவலாளி வேலாயுதம்.

"அண்ணே, ஏர்கோன யாரு போடுறது?"

"நான்தான்மா. அஞ்சு மணிக்கு வேலைக்கு வந்ததும் மொத வேலை அதான். ஆறு வருசத்துக்கு முன்னாடி ஒரு பெரிய மனுசன் வந்தாரு. அவரு வர்றப்ப குளுகுளுன்னு இருக்கணும், அஞ்சு மணிக்கே போடுன்னு பழைய ஆபிசர் சொன்னாரு."

"அது அந்த ஒரு நாளைக்குத்தானே?"

"நிப்பாட்டச் சொல்லி யாரும் சொல்லலையே."

புஷ்பவல்லிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலாயுதமும் சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "நீங்க வாயால சொன்னா பத்தாது. சூராட் வேணும், கையெழுத்துப் போட்ட கடிதாசி."

அதுவரை புஷ்பவல்லி தன் பெயரில் ஒரு கடிதமும் எழுதியதில்லை. அலுவலகம் திரும்பி மூன்று முறை அடித்துத் திருத்தினார்: ஒன்பதரைக்குப் போட்டால் போதும், நூலகம் மூடியிருக்கும் நாளில் வேண்டாம். பிரவின் படித்துப் பார்த்துவிட்டு, "நீங்களே கையெழுத்துப் போடுங்கக்கா" என்றான். புஷ்பவல்லி முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் நூலகம் பட்டியலில் பத்தொன்பதாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. பழைய ஏர்கோன் இன்னும் நாலு வருஷம் தாங்கும் என்றார்கள். முதலிடத்துக்கு வந்தது டெங்கிலில் ஒரு கிளினிக். மத்தியானம் வந்தால் அதன் தகரக் கூரை அடுப்பாகிவிடும். வெப்பம் இறங்காமல் கூரைக்கு அடியில் தடுப்பு போட வேண்டியிருந்தது; முதலில் அதைப் பார்க்கப் போனவர்கள் புஷ்பவல்லியும் பிரவினும்.

"நான் ஏறிப் பாக்குறேன்கா" என்றான் பிரவின்.

புஷ்பவல்லி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். "நீங்க ஏணியப் புடிங்க" என்றபடி முதல் படியில் கால் வைத்தார்.