மல்லாட்டை எண்ணெய் குடித்த ஓஸ்

இட ஒதுக்கீடு கேட்டு மரத்தை வெட்டிச் சாலையில் போட்ட அந்த வருஷங்களில் கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. தியாகதுருகம் பக்கத்து எண்ணெய் மில் முதலாளி ஒருவரின் டிராக்டர், லாரி எல்லாம் என்னிடம்தான் வரும். அந்த மனிதர் எங்கோ ஏலத்தில் ஒரு பழைய வேனைப் பிடித்து வந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவத் தொட்டி. ஓடுகிற வீடாம். வாங்கிய நாளிலிருந்து அது அவர் வாசலில்தான் நின்றது. யார் வந்தாலும் தொட்டிக் குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டுவார். ஏதோ ஊரில் யாரும் தண்ணீரே பார்த்ததில்லை என்பதுபோல.

ஒரு நாள் காலையில் அதை என் ஷெட்டுக்கு ஓட்டிவந்தார். பின்னால் கட்டிலில் அவர் மனைவி, இரண்டு பேரப்பிள்ளைகள், சோற்றுக் கூடை. வெள்ளிமலைக்குப் போகிறார்கள், ரப்பர் ஓஸ்களை மட்டும் ஒரு பார்வை பார்க்கச் சொன்னார். அடியில் படுத்துப் பார்த்தேன். ரேடியேட்டர் ஓஸ், தொட்டி ஓஸ், பிரேக் ஓஸ், எல்லாம் கறுகறுவென்று மின்னின. விரலால் அழுத்தினால் ஊறின அவல் மாதிரி அமுங்கின. முகர்ந்து பார்த்தேன். மல்லாட்டை எண்ணெய் வாசனை. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பேர்.

வெள்ளிக்கிழமை தவறாமல் தன் கையாலேயே தடவுவதாகப் பெருமையாகச் சொன்னார். பம்பு செட்டின் தோல் வாஷரை எண்ணெயில் ஊறப்போட்டால் பல வருஷம் உழைக்கிறதாம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிச் செத்துப்போகும் என்றேன்.

“தோலுக்கு ஒத்துக்கிற எண்ண ரப்பருக்கு ஒத்துக்காதா? இன்னா மெக்கானிக் நீ?”

சொந்த மில் எண்ணெயைக் குறை சொல்லிவிட்டேன் என்று அவருக்குக் கோபம். ரேடியேட்டருக்கு லாரி ஓஸை வெட்டிப் போட்டேன். பிரேக் ஓஸ் சேலத்திலிருந்து வரவேண்டும். மறியலில் பஸ்ஸே ஓடாதபோது ஓஸ் எப்படி வரும்? இதோடு மலையேற வேண்டாம் என்றேன். அவருடைய பங்காளி போன வாரம்தான் ஜீப்பில் குடும்பத்தோடு போய்வந்து மார்தட்டிக்கொண்டிருந்தாராம். இவர் திரும்பிப் போனால் மானம் போய்விடுமாம். சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கம்பி கட்டச் சொன்னார். பிரேக் ஓஸுக்கு டியூப் சுற்றுவது ஒன்றுதான், சுற்றாததும் ஒன்றுதான். தெரிந்தே சுற்றினேன். அவர் லாரிகள் வேறு ஷெட்டுக்குப் போய்விடுமே என்ற பயம்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று அந்த அம்மா கேட்டார். சரியாகிவிட்டது என்றேன். துணைக்கு நீயும் வா என்றார் முதலாளி. ஷெட்டில் வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்று நழுவினேன். எவ்வளவு யோக்கியன் நான்!

வண்டி கண்ணிலிருந்து மறைந்ததும் மனசு கேட்கவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே விரட்டினேன். வடக்கனந்தலைத் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன் கிளைகளுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு வேன் நின்றது. மரத்தைப் பார்த்து பிரேக்கை மிதித்திருக்கிறார், ஓஸ் வெடித்துவிட்டது. சமதரையானதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறியல்காரர்கள் பிள்ளைகளை இறக்கித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியோ அவர்களைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். மரத்தை வெட்டி வண்டியைக் கெடுத்தார்களாம். மெக்கானிக் கட்டின கட்டு பிரமாதமாம். எனக்குக் காது கூசியது. வேனுக்கு அடியில் பார்த்தேன். என் டியூபின் வழியாக பிரேக் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் மலை, வளைவு, பள்ளம்.

“மரத்த எடுத்ததும் மேல பூடலாம். இன்னும் ரெண்டு சுத்து சுத்தி வுடு” என்றார் முதலாளி.

மறியல்காரர் ஒருவரிடம் அரிவாளை வாங்கினேன். அடியில் படுத்து, டியூபோடு சேர்த்து அந்த ஓஸை இரண்டாக அறுத்து வெளியே எறிந்தேன். முதலாளி என்னையும் சேர்த்துத் திட்ட ஆரம்பித்தார். பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அம்மா அருகில் வந்தார். கீழே கிடந்த துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இத காலைலயே பண்ணிருக்கலாம் இல்லப்பா?”